உப்பு தங்கும் இடம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீடு எதற்காவது போனால், அலுமினிய ஜன்னல் சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். மேல்பக்கம் பளபளவென்றுதான் இருக்கும். அடிப்பக்கம் சொரசொரவென்று, வெள்ளைப் பொடி பூத்து, சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும். சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கிய மூலைகளிலும் அதே நிலைதான். வெயிலையும் மழையையும் நேராக வாங்கிய பகுதி நன்றாக இருக்கிறது, நிழலில் பத்திரமாக இருந்த பகுதி அரித்துப் போயிருக்கிறது. முதலில் பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

கடல்காற்று கொண்டுவரும் உப்பு எல்லாப் பக்கமும்தான் படிகிறது. மழை படும் பக்கத்தில் அது அவ்வப்போது கழுவப்பட்டுவிடும். மழை படாத பக்கத்தில் தங்கிவிடும். தங்கிய உப்பு காய்ந்தே கிடந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ராத்திரியில் துணி காயப்போட்டவர்களுக்கு நம் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அடிப்பக்கம் பெரும்பாலான இரவுகளில் உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது.

நான் சேதராப்பட்டு பக்கம் அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தை மின்சாரத்தால் தடிக்க வைக்கும் அனோடைசிங் பட்டறை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். தெரிந்தவர்கள் வீடு கட்டும்போது ஜன்னல் விஷயமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "அலுமினியம்தானேண்ணா, அதுக்கு என்ன ஆகப்போவுது?" இந்த நம்பிக்கை பாதி நியாயமானது. மீதிப் பாதி தெரியாததால் நம் கடற்கரை ஜனங்கள் எவ்வளவு பணத்தை இழக்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

நியாயமான பாதியை முதலில் சொல்கிறேன். அலுமினியம் உண்மையில் மிகவும் வேகமாக வினைபுரியும் உலோகம். காற்று பட்ட கணத்திலேயே அதன் மேல் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அது உலோகத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், கீறினால் உடனே மறுபடி வளரும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து புதுப் பரப்பைத் திறந்துவிடுவது போல இங்கே நடப்பதில்லை. கடுமையான கடற்கரைக் காற்றில் சாதாரண இரும்பு ஆண்டுக்கு 80 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேய்கிறது என்று பன்னாட்டுத் தரநிலை வகைப்படுத்துகிறது. அதே வகைக் காற்றில் அலுமினியம் இழப்பது, எடையை வைத்துக் கணக்கிட்டால், 2 முதல் 4 மைக்ரான் அளவுதான்.

இந்தக் கடைசிக் கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது. பரப்பு முழுவதும் சமமாகத் தேய்ந்தால்தான் சராசரிக்கு அர்த்தம். உப்பிலுள்ள குளோரைடு அயனி அலுமினியத்தைச் சமமாகத் தின்பதில்லை. படலம் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளியில் உடைத்து உள்ளே போகும். உள்ளே போனபின் அந்தக் குழி தனக்கென்று ஒரு சூழலை உண்டாக்கிக்கொள்ளும். கரைந்த அலுமினியம் நீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தைச் சேர்க்கும், அந்த அமிலத்தில் ஆக்சைடு படலம் திரும்ப வளர முடியாது, மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும். படலம் நிலைத்து நிற்பது, அமிலம்-காரத்தின் அளவான பி.எச். 4க்கும் 8.5க்கும் இடையில் மட்டும்தான். வாயில் வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்ள, அடியில் குழி ஆழமாகிக்கொண்டே போகும். தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், எடை ஒன்றும் குறையாமலேயே அதில் ஓட்டை விழுந்துவிடலாம்.

அமிலம் ஒரு பக்கம் என்றால் காரம் மறுபக்கம். ஜன்னலை மாட்டிவிட்டு அதன் பிறகு பூச்சு வேலை செய்யும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. ஈரச் சிமெண்டின் பி.எச். 12க்கு மேல். சட்டத்தில் தெறித்த கலவையை அன்றே துடைக்காவிட்டால், பிறகு சுரண்டும்போது அடியில் அழியாத வெள்ளைக் கறை இருக்கும். அடுத்து, கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலமும் குளோரைடும் ஒன்றாகச் சேர்ந்த சரக்கு. அதன் புகை மூடிய அறையில் ஜன்னல் சட்டத்தில் படிந்தால், கடல் பல மாதத்தில் செய்யும் வேலையை அது ஒரு பகலில் செய்துவிடும். புது வீட்டிலேயே ஜன்னல் வெளுத்துப்போனதற்குக் கடல்காற்றைத் திட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆசிட் கழுவியது எப்போது என்பதைத்தான்.

எல்லா அலுமினியமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சுத்தமான அலுமினியம் மிக மிருதுவானது. அதை உறுதியாக்கக் கலக்கும் பொருள்தான் பெரும்பாலும் அதன் எதிரியும் ஆகிறது. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் 1906இல் செம்பும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி, நீரில் குளிரவைத்துச் சும்மா வைத்திருந்தபோது, அது நாளாக நாளாகத் தானே கடினமாவதைக் கண்டார். அதுதான் பிறகு டூராலுமின் என்ற பெயரில் ஜெப்பலின் வான்கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எலும்புக்கூடாக ஆனது. ஆனால் அதிலுள்ள செம்பு முழுவதும் கரைந்து கலப்பதில்லை. செம்பு மிகுந்த நுண்துகள்கள் அங்கங்கே நிற்கும். உப்புநீர் பட்டால் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைக் கரைக்கும் ஒரு சின்ன மின்கலமாகிவிடும். கடலில் இறங்கும் விமானங்கள் இந்த உலோகத்தால் செய்யப்பட்டபோது பிரச்சினை பெரிதாக வெடித்தது.

அதற்கு விடையாகத்தான் 1923இல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர், குரோமிக் அமிலத் தொட்டியில் டூராலுமினை நேர்மின் முனையாக வைத்து மின்சாரம் செலுத்தி, அதன் ஆக்சைடு படலத்தைச் செயற்கையாகத் தடிக்க வைத்தார்கள். அனோடைசிங் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது. சில வருடத்திலேயே கந்தக அமிலத்தில் செய்யும் முறையும் வந்தது. அமெரிக்காவில் வேறு வழி போனார்கள். டூராலுமின் தகட்டின் இரு பக்கமும் மெல்லிய சுத்த அலுமினியத்தை ஒட்டி உருட்டினார்கள். ஆல்கிளாட் என்று பெயர். உள்ளே பலம், வெளியே தாங்கும் தோல். எனக்கு இந்த யோசனை மீது தனி மரியாதை உண்டு. வெளித்தோலில் கீறல் விழுந்தாலும் அந்தச் சுத்த அலுமினியம் தான் கரைந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா விமானத்தின் கூரை, நடுவானில் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்த இணைப்புகளில் ஒட்டு விட்டு, ஈரம் புகுந்து, அரித்து, ரிவெட் துளைகளில், திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் சோர்வு விரிசல்கள் ஓடியிருந்தன. தீவுக்குத் தீவு உப்புக்காற்றிலேயே ஏறி இறங்கிய விமானம் அது. உப்பும் ஈரமும் தங்க இடம் கிடைத்த இணைப்பில்தான் அங்கேயும் அழிவு தொடங்கியது.

நம் ஜன்னலுக்கு வருபவை பெரும்பாலும் 6063 என்ற வகை. மெக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சமாகக் கலந்தது, செம்பு ஏறக்குறைய இல்லை. நல்ல உலோகம்தான். அதன் மேல் என்ன தோல் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம்.

பட்டறையில் வேலை இப்படி நடக்கும். செக்‌ஷன்களைச் தொட்டியில் இறக்கும் சட்டத்தில் இறுகக் கட்டுவோம். பிடி தளர்ந்தால் அந்த இடத்தில் கரண்ட் பாயாது. எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சூடான காஸ்டிக் சோடாவில் முக்குவோம். அங்கே மேல்தோல் கரைந்து மங்கலான வெள்ளை வரும். நைட்ரிக் அமிலத்தில் கறையை எடுத்து, அலசி, பிறகு கந்தக அமிலத் தொட்டியில் இறக்குவோம். 15 முதல் 20 சதவீத அமிலம், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது தொட்டி தானாகச் சூடாகும். மே மாதத்துப் புதுச்சேரியில் அதை 20இல் நிறுத்துவது பெரிய பாடு. தொட்டியைக் குளிர்விக்கும் சில்லர் திணறினால் படலம் பொடிப்பொடியாக, தேய்த்தால் உதிரும்படி வளரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

இந்தப் படலம் மேலே பூசுவது கிடையாது. உலோகமே மாறி உருவாவது, அதனால் உரிந்து வராது. ஆனால் அது முழுக்கத் துளைகளால் ஆனது. ஒரு சதுர சென்டிமீட்டரில் பல ஆயிரம் கோடித் துளைகள், அடிவரை நேராக இறங்கும். நிறம் ஏறுவது இந்தத் துளைகளில்தான், உப்பு ஏறக்கூடியதும் இதே துளைகளில்தான். அதனால் கடைசியாக சீலிங் செய்ய வேண்டும். கொதிநிலையை ஒட்டிய சுத்தமான நீரில் வைத்தால் ஆக்சைடு நீரை ஏற்று வீங்கித் துளையை மூடிவிடும். ஒரு மைக்ரானுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்பது கணக்கு. நிக்கல் உப்பு வைத்துக் குறைந்த சூட்டில் மூடும் முறையும் உண்டு.

இப்போது நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வழக்கமான மின்னோட்டத்தில் 10 மைக்ரான் படலத்துக்குத் தொட்டியில் இருபது நிமிடம் சொச்சம் போதும். கடற்கரைக்குத் தேவையான 25 மைக்ரானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சீலிங்குக்கு மறுபடி ஒரு மணி நேரம், அதற்குக் கொதிக்கும் நீர், அதற்கு எரிபொருள். வாடிக்கையாளர் கேட்பது நிறமும் கிலோ விலையும் மட்டும் என்றால் பட்டறைக்காரர் ஏன் இரண்டு மணி நேரம் தொட்டியை அடைத்து வைப்பார்? அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பில்லில் மைக்ரான் என்ற வார்த்தையே இல்லாமல் விற்பதையும் வாங்குவதையும் நாம் எல்லோரும் சேர்ந்து வழக்கமாக்கி வைத்திருக்கிறோம். உள்நாட்டு ஊருக்குச் சரியாக இருக்கும் அதே சரக்கு கடலோரத் தாழங்குடாவுக்கும் வருகிறது. கடனை வாங்கி ஜன்னல் போட்ட மீனவக் குடும்பம், கடன் அடைவதற்குள் அந்த ஜன்னல் வெளுத்துப்போவதைப் பார்க்கிறது. இதில்தான் எனக்குக் கோபம்.

சீலிங் ஆகியிருக்கிறதா என்று ஓரளவு கண்டுபிடிக்க வழி உண்டு. நிறமேற்றாத ஒரு துண்டில் மை ஒரு சொட்டு வைத்து, சில நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மூடிய படலத்தில் மை துடைபட்டுவிடும். மூடாத துளைகள் மையைக் குடித்துக் கறையாக வைத்துக்கொள்ளும். தடிமனுக்குச் சின்னக் கருவி இருக்கிறது, சட்டத்தில் வைத்தால் மைக்ரானைக் காட்டும். நல்ல பட்டறைகளில் அது இருக்கும், கேட்டால் உங்கள் கண்முன்னே வைத்துக் காட்டுவார்கள்.

பவுடர் கோட்டிங் பற்றியும் கேட்கிறார்கள். 60, 80 மைக்ரான் வரை ஏறும், நிறம் அழகாக இருக்கும், கலவையும் காரமும் பட்டால் அனோடைசிங்கைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அது உலோகத்தின் மேல் ஒட்டிய படலம். அடியில் செய்யும் முன்வேலை சரியில்லை என்றால், வெட்டிய ஓரத்திலோ ஸ்க்ரூ துளையிலோ உப்பு புகுந்து, பெயிண்டுக்கு அடியிலேயே மெல்லிய இழை இழையாக நகரும். பைக்கின் அலாய் வீலில், பளபளப்புப் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோய்தான். முதலில் சில மைக்ரான் அனோடைஸ் செய்து அதன் மேல் பவுடர் போட்டால் கடற்கரைக்கு மிக நல்லது. விலை கூடும், எல்லோராலும் முடியாது என்பதும் உண்மை.

அந்த முன்வேலைக்குப் பல காலம் குரோமேட் கரைசல்தான் ராஜா. கீறல் விழுந்தால் படலத்திலிருந்து குரோமேட் கசிந்து கீறலைத் தானே ஆற்றும். இதற்கு நிகரான ஒன்று அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட அந்தக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. 2017 செப்டம்பருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வகையைச் சேர்ந்த குரோமியம் டிரையாக்சைடைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. மூன்று இணைதிறன் குரோமியம், சிர்கோனியம் சார்ந்த கரைசல்கள் என்று மாற்று வந்துவிட்டது. கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும், அவ்வளவுதான். சிப்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து நிலத்தடி நீரைப் பற்றிக் கவலைப்பட்ட ஊர் நாம். ஒரு ஜன்னல் சில வருடம் கூடுதலாக உழைப்பதற்காக யாருடைய கிணற்றிலும் குரோமியம் இறங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்புறம் ஸ்க்ரூ. எவ்வளவு நல்ல சட்டத்தையும் கெடுக்க ஒரு தவறான ஸ்க்ரூ போதும். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால், இரண்டில் எளிதில் வினைபுரிவது கரையும், மற்றது தப்பிக்கும். இங்கே பரப்பளவு முக்கியம். பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ என்றால் சேதம் பரவலாகி மெதுவாகும், நடுவில் நைலான் வாஷர் வைத்தால் இன்னும் நல்லது. பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் என்றால் ரிவெட் சீக்கிரமே காணாமல் போகும். பித்தளையும் செம்பும் பக்கத்தில்கூட வேண்டாம். செம்புக் குழாயில் ஓடிய நீர் சொட்டுச் சொட்டாக அலுமினியத்தில் விழுந்தாலே போதும், நீரில் கரைந்த துளிச் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து, விழுந்த இடமெல்லாம் குழி வெட்டும்.

கடற்கரை வீடுகளில் ஏசியின் அவுட்டோர் யூனிட் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதற்கும் இதுதான் விடை. உள்ளே செம்புக் குழாய், அதைச் சுற்றி இறுகப் பிடித்த அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். விசிறி நாளெல்லாம் உப்புக்காற்றை அதன் வழியாக இழுக்கிறது. தகட்டின் அடி செம்பைத் தொடும் இடத்தில் அரித்துப்போனால் வெப்பம் வெளியேற வழி இல்லை. மெஷின் ஓடும், அறை குளிராது, கரண்ட் பில் ஏறும். மெக்கானிக் கேஸ் போட்டுவிட்டுப் போவார். தகட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் கேஸில் பிரச்சினை இல்லை. நீலமோ பொன்னிறமோ பூசிய தகடுகள் வருகின்றன, கொஞ்சம் தாங்கும், ஆனால் வெட்டிய விளிம்பில் பூச்சு கிடையாது. யூனிட்டைக் கடலுக்கு முதுகு காட்டி, கட்டடத்தின் மறுபக்கத்தில் மாட்டுவது எந்தப் பூச்சையும்விட மேல். காற்றில் வரும் உப்பில் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரிலேயே இறங்கிவிடும். ஒரு சுவர் மறைப்பே பெரிய உதவி.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் படகுகளில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப்பாகம் அலுமினிய வார்ப்பு. அதில் ஒரு துத்தநாகக் கட்டி திருகியிருக்கும். கட்டி கரைந்து எஞ்சினைக் காப்பாற்றும். இந்த யோசனை 1824இல் ஹம்ஃப்ரி டேவியுடையது. போர்க்கப்பல்களின் செம்புத் தகடு கரையாமல் இருக்க அதோடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தார். அவர் சோதித்த சமராங் என்ற கப்பல் நம் கொச்சியில் கட்டப்பட்டது. செம்பு உண்மையிலேயே கரையவில்லை. ஆனால் செம்பு கரைந்தால்தான் பாசியும் சிப்பியும் ஒட்டாது, கரையாத செம்பில் அவை அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. ஆனால் தத்துவம் நிலைத்தது, இன்று அதே தத்துவம் ஃபைபர் படகின் எஞ்சின்வரை வந்திருக்கிறது. எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அழகுக்காக அந்தக் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் துத்தநாகம் எதையும் காப்பாற்றாது. அது கரைந்து பாதியாகிவிட்டதே என்று வருத்தப்படவும் வேண்டாம், கரைவதுதான் அதன் வேலை. பாதியானதும் மாற்றிவிடுங்கள்.

மெக்னீசியக் கலவைகள் இன்னும் லேசு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மெக்னீசியத்துக்கு 1.74. ஆனால் உப்புநீரில் மிகவும் நோஞ்சான். அதில் கலந்திருக்கும் இரும்பு பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கைத் தாண்டினாலே அரிப்பு பல மடங்காகும். எந்தப் பூச்சு போடுவது என்பதற்கு முன்னால், உருக்கும்போதே சுத்தமாக உருக்கினார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

இதையெல்லாம் நம் மண்ணிலேயே சோதித்துப் பார்க்க இடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் கடலோரத்திலேயே உலோகத் துண்டுகளைக் காற்றிலும் கடல்நீரிலும் வைத்து ஆராய்கிறது. நாட்டின் எந்தப் பகுதிக் காற்று எவ்வளவு அரிக்கும் என்று வரைபடமும் தயாரித்தவர்கள் அவர்கள். அந்த அறிவு ஜன்னல் கடை பில்வரை வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. கொட்டேஷனில் மூன்று விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: படலம் எத்தனை மைக்ரான், சீலிங் எந்த முறை, ஸ்க்ரூ எந்த உலோகம். போன மாதம் சிங்காரத்தோப்பில் ஒரு அக்கா அப்படிக் கேட்டார்கள். கடைக்காரர் முதலில் முழித்துவிட்டு, "இத யாரும் கேக்கறதில்லக்கா" என்றார், அப்புறம் பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தார். விலை கொஞ்சம் ஏறியது. பெட்ரூமுக்கு நினைத்திருந்த ஒரு ஜன்னலைச் சின்னதாக்கி அக்கா சரிக்கட்டிக்கொண்டார்கள்.

மாட்டிய பிறகு வேண்டியது நல்ல தண்ணீர் மட்டும்தான். கடலுக்குப் பக்கத்தில் என்றால் வாரம் ஒரு தடவை, கொஞ்சம் உள்ளே தள்ளி என்றால் மாதம் ஒரு தடவை. உப்புக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. துணியை மேலே தேய்ப்பதைவிட அடிப்பக்கத்திலும், சறுக்கு ஜன்னலின் கீழ்த் தடத்திலும் தேய்க்க வேண்டும். அந்தத் தடத்தில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி விடுங்கள். சோடா கலந்த பொடி, பாத்ரூம் ஆசிட், இரும்பு நார் மூன்றும் கிட்டவே வரக் கூடாது. ஏசி யூனிட்டையும் இதே கையோடு அலசலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோஸின் வேகத்தைக் குறைத்து, தகடுகளுக்கு நேராக மேலிருந்து கீழே ஊற்றுங்கள். சாய்வாகப் பீய்ச்சினால் தகடு வளைந்து காற்றுப் பாதை அடைபட்டுவிடும்.